வெள்ளிக்கிழமைகளில் காணாமற்போன அரை மணித்தியாலம்: ஒரு தோட்டத்துத் தராசுக் கணக்கு பற்றிய நிகழ்வு ஆய்வு

2019 ஜூன் மாதச் சம்பளம் கொடுக்கப்பட்ட மறுநாள், ஹட்டனில் நான் வைத்திருக்கும் கணினி திருத்தும் கடைக்கு ஒரு தோட்டத் தலைவரும் கொழுந்து பறிக்கும் மூன்று பெண்களும் வந்தார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி மேட்டில் இருக்கும் அந்தத் தோட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்களில் மூத்தவர் ஒரு பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்திருந்த நிறுவைத் துண்டுகளை மேசையில் பரப்பிவிட்டுக் கேட்டார்: "தம்பி, துண்டுல நாலு முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. ஆபீசுல கேட்டா அஞ்சு மணிக்கு மேல நிறுத்ததுன்னு சொல்லி அரைப்பேர் போட்டுட்டாங்க. நடுவுல அந்த அரை மணி எங்க போச்சு?"

அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். நான் பிறகு பார்த்த எந்த ஆவணமும் இந்தக் கேள்வியைவிடத் தெளிவாகக் கோளாறைச் சொல்லவில்லை. தோட்டக் காரியாலயத்தின் சம்மதத்தோடு மூன்று நாள்கள் அங்கே போய்ப் பார்த்ததன் விளைவே இந்த எழுத்து.

நிறுவையும் கணக்கும்

அந்தத் தோட்டத்தில் காலை, மதியம், மாலை என மூன்று தடவை மடுவம் என்னும் நிறுவைக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கப்படுகிறது. முன்பு கணக்கப்பிள்ளை கொப்பியில் எழுதிய கணக்கை இப்போது இரண்டு இலத்திரனியல் தராசுகள் எழுதுகின்றன. தொழிலாளி தன் அட்டையைக் காட்டியதும் எடை பதிவாகிறது. நேரமும் கிலோவும் அச்சிட்ட சிறு துண்டு ஒன்று கையில் வருகிறது. மறுநாள் காலை தராசுகள் காரியாலயக் கணினியில் இணைக்கப்படும்போது முந்திய நாளின் பதிவுகள் கணினிக்குப் போகின்றன. அதே இணைப்பில் கணினியிடமிருந்து தராசு நேரத்தை வாங்கிக்கொள்கிறது. கணினியிலுள்ள மென்பொருள் இவற்றைக் கூட்டி, நாளொன்றுக்குரிய 18 கிலோ நிறைந்தால் முழுப்பேரும், குறைந்தால் அரைப்பேரும் சம்பளப் பதிவேடான செக்ரோலில் போடுகிறது.

மாலை 5.00 மணிக்குப் பின் பதிவாகும் எந்த நிறுவையையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அந்த மென்பொருளில் ஒரு விதி இருந்தது. இரவில் பொய்க் கிலோ ஏற்றப்படுவதைத் தடுக்கவே அது எழுதப்பட்டது. அதன் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் தள்ளிவைக்கப்பட்ட பதிவை ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இல்லை.

என்னிடம் வந்த அந்த அக்காவின் ஜூன் 14ஆம் திகதிக் கணக்கு இது: காலையில் 6, மதியம் 7, மாலையில் 6, ஆக 19 கிலோ. செக்ரோலிலோ 13 கிலோவும் அரைப்பேரும் இருந்தன. அவரைப் போலவே பாதிக்கப்பட்ட எல்லோரும் மேல் மலையில் பறித்தவர்கள். தூரத்திலிருந்து இறங்கி வருவதால் மாலை நிறுவையில் அவர்கள் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்பவர்கள். ஆகவே கங்காணி வேண்டுமென்றே அவர்களை ஒதுக்குகிறார் என்ற பேச்சு தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் பரவியிருந்தது. இன்னொரு பேச்சும் இருந்தது. வெட்டு விழுந்தது 14, 21, 28 ஆகிய மூன்று நாள்களில், மூன்றும் வெள்ளிக்கிழமைகள். வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போக அவசரப்பட்டுத் தராசைத் தப்பாக அழுத்துகிறார்கள் என்று காரியாலயத்தில் ஒருவர் என்னிடமே விளக்கம் சொன்னார்.

முதல் சந்தேகம்: ஓட்டப் பிழை

கடிகாரம் தப்பினால் யாரும் முதலில் நினைப்பது, அது மெதுவாகவோ வேகமாகவோ ஓடியிருக்கும் என்பதைத்தான். கணினிக்குள் நேரத்தைக் காப்பது ஒரு சின்னஞ்சிறு குவார்ட்ஸ் பளிங்கு. இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட அது செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. இரண்டைப் பதினைந்து தடவை பெருக்கினால் வரும் எண் அது; ஆகவே பதினைந்து தடவை இரண்டால் வகுத்துச் செல்லும் எளிய மின்சுற்று ஒன்று போதும், செக்கனுக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். கணினியை நிறுத்தியிருக்கும்போதும் இந்த எண்ணிக்கை தொடர்வதற்காகத்தான் கணினியின் முதன்மை மின்சுற்றுப் பலகையான தாய்ப்பலகையில் இருபது மில்லிமீற்றர் விட்டமுள்ள, நாணயம் போன்ற 3 வோல்ற் பற்றரி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது.

இந்தப் பளிங்குகளில் பத்து இலட்சத்துக்கு இருபது என்ற அளவில் பிழை இருப்பது வழக்கம். அதாவது நாளுக்கு ஏறக்குறைய 1.7 செக்கன். வெப்பநிலையும் இதில் தலையிடுகிறது. இவை 25 பாகை செல்சியஸ் அளவில் சரியாக ஓடும்படி வெட்டப்படுகின்றன. குளிர்ந்தாலும் சூடானாலும் மெதுவாகவே ஓடும். எங்கள் பக்கத்தில் இரவில் பத்துப் பாகைக்கு இறங்கும்போது, குளிர் மட்டுமே நாளுக்கு முக்கால் செக்கனுக்குச் சற்றுக் குறைவாகப் பின்னடைவை உண்டாக்கும். கொழும்பில் குளிரூட்டிய அறையில் இருக்கும் கணினியும் நுவரெலியாவில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் கணினியும் ஒரே தொழிற்சாலையில் பிறந்திருந்தாலும் ஒரே நேரத்தைக் காட்டமாட்டா என்பது இதனால்தான்.

இருந்தாலும், இப்படி ஓடும் கடிகாரம் முப்பது நிமிடம், அதாவது 1,800 செக்கன் தப்புவதற்கு மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் வேண்டும். இங்கே பிழை ஒரே இரவில் வந்தது, ஒரே நாளில் போனது. ஓட்டப் பிழை என்ற சந்தேகத்தை முதல் நாளே கைவிட்டேன்.

துண்டுகளும் லொறியும்

அந்த அக்கா மாதம் முழுவதற்குமான துண்டுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். அவற்றைத் திகதி வாரியாக அடுக்கியபோது விசித்திரமான ஒன்று தெரிந்தது. ஜூன் 12, புதன்கிழமை, மாலை நிறுவைத் துண்டில் 4.11 என்று இருந்தது. காரியாலயப் பதிவில் அதே நிறுவை 4.41. ஜூன் 14, வெள்ளிக்கிழமைத் துண்டில் 4.38, காரியாலயத்தில் 5.08. ஆக இரண்டு நாள்களிலும் தராசுக்கும் காரியாலயத்துக்கும் இடையே அதே அரை மணித்தியால வேறுபாடு இருந்திருக்கிறது. புதன்கிழமை அது யாரையும் பாதிக்காததால் யாரும் கவனிக்கவில்லை. முறைப்பாடு வந்த நாள்களை மட்டும் ஆராய்ந்திருந்தால் இது என் கண்ணிலும் பட்டிருக்காது.

இரண்டு கடிகாரங்கள் முரண்பட்டால் எது சரி என்பதைச் சொல்ல மூன்றாவது ஒன்று வேண்டும். கொழுந்து ஏற்றும் லொறியில் இடங்காட்டிக் கருவி ஒன்று பொருத்தியிருந்தார்கள். ஜீ.பீ.எஸ். செய்மதிகள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. அவற்றின் சமிக்ஞையைப் பெறும் மலிவான கருவிகூட ஒரு செக்கனின் மிகச் சிறு பகுதிக்குள் நேரத்தை அறிந்துகொள்ளும். ஆனாலும் அதை அப்படியே நம்பிவிடவில்லை. ஜீ.பீ.எஸ். வாரங்களை 1,024 வரை மட்டுமே எண்ணிவிட்டு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும் முறையில் அமைந்தது; அவ்வாறு பூச்சியமாகும் நாள் அந்த ஆண்டு ஏப்ரல் 6ஆம் திகதியே வந்து போயிருந்தது. சில பழைய கருவிகள் அதன் பின் 1999க்குத் திரும்பிப்போகக்கூடும். லொறியின் கருவி அப்படிப் போகவில்லை என்பதை உறுதி செய்துகொண்டேன்.

லொறி மடுவத்தை விட்டுப் புறப்பட்ட நேரம் புதன்கிழமை 4.55, வெள்ளிக்கிழமை 4.53. தராசின்படி கடைசி நிறுவை புதன்கிழமை 4.22க்கும் வெள்ளிக்கிழமை 4.49க்கும் நடந்திருக்கிறது. அப்படியானால் புதன்கிழமை லொறி அரை மணித்தியாலம் சும்மா நின்றிருக்க வேண்டும். கங்காணியிடம் கேட்டேன். "கடைசிச் சாக்கு ஏறினா ட்ரைவர் நிப்பாரா? அஞ்சு நிமிசம் நின்னா ஃபெக்டரில இருந்து ஃபோன் வந்துரும்," என்றார். ஆகவே வெள்ளிக்கிழமை தராசு காட்டியதே உண்மையான நேரம். புதன்கிழமை தராசு அரை மணி பின்தங்கியிருக்க, காரியாலயப் பதிவு தற்செயலாகச் சரியாக வந்திருக்கிறது. கங்காணி மீதான சந்தேகமும் இதோடு ஒழிந்தது.

எண்ணிக்கை ஒன்று, முகம் வேறு

கணினியின் மூலையில் நாம் பார்க்கும் மணி கணினி சேமித்து வைத்திருக்கும் ஒன்றல்ல. பெரும்பாலான கணினிகளும் கருவிகளும் உள்ளே வைத்திருப்பது ஓர் எண்ணிக்கையை மட்டுமே. யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழி வந்தவை 1970 ஜனவரி 1ஆம் திகதி உலக நேரப்படி நள்ளிரவிலிருந்து எத்தனை செக்கன் கழிந்தது என்று எண்ணுகின்றன. அந்த எண்ணோடு நாட்டுக்குரிய வித்தியாசத்தைக் கூட்டியே மணியும் திகதியும் திரையில் வருகின்றன. இலங்கைக்கு அந்த வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம். எண்ணிக்கை சரியாக இருந்து கூட்டல் தப்பினாலும், கூட்டல் சரியாக இருந்து எண்ணிக்கை தப்பினாலும், திரையில் தெரியும் பிழை ஒரே மாதிரித்தான் இருக்கும். இரண்டுமே தப்பி, ஒன்றின் பிழை மற்றதன் பிழையைச் சரிக்கட்டிவிட்டால் பிழை எதுவுமே தெரியாது. இந்தத் தோட்டத்தில் நடந்தது இந்த மூன்றாவது வகை.

காரியாலயத்தில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினி. எக்ஸ்பி 2001இல் வெளிவந்தபோது இலங்கையின் நேரம் உலக நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னால் இருந்தது. 1996இல் மழை பொய்த்து, காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை உட்பட நீர்மின் தரும் நீர்த்தேக்கங்கள் வற்றி, நாடெங்கும் மின்வெட்டு நீண்டபோது, மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்துவதற்காக மே 25ஆம் திகதி நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுக்கப்பட்டது. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மீண்டும் ஐந்தரைக்கே திரும்பினோம். "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டே கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்த அந்தப் பத்து ஆண்டுகளை நாற்பது வயது தாண்டிய எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த எக்ஸ்பி கணினி மறக்கவும் இல்லை, புதிதாக எதையும் கற்கவும் இல்லை: பிந்திய திருத்தங்கள் ஏற்றப்படாத அதன் பட்டியலில் "ஸ்ரீ ஜயவர்தனபுர" என்ற பெயருக்கு நேரே 2019இலும் ஆறு மணித்தியாலமே இருந்தது.

2006இல் யாரோ ஒரு கெட்டிக்காரர் அதற்கு வழி கண்டிருக்கிறார். நேர வலயத்தைச் "சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி" என்று மாற்றிவிட்டார். பெயர் இந்தியாவுடையது, ஆனால் கணக்குச் சரி. அந்த நாள்களில் நாடு முழுவதும் பலர் செய்த வேலை இது. பதின்மூன்று ஆண்டுகள் அது பிசகாமல் ஓடியது.

2019 ஜூன் 10ஆம் திகதி, திங்கட்கிழமை இரவு, தென்மேற்குப் பருவமழையின் காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போனது. தாய்ப்பலகைப் பற்றரி எப்போதோ செத்திருந்ததால் கணினியின் எண்ணிக்கை அழிந்து, மறுநாள் காலை அது 2002 ஜனவரி 1 என்று எழுந்தது. விண்டோஸின் நேரச் சேவை இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெற்றும் ஏற்க மறுத்துவிட்டது. தனித்து நிற்கும் கணினிகளில் அது 54,000 செக்கனுக்கு, அதாவது பதினைந்து மணித்தியாலத்துக்கு, மேற்பட்ட பிழையைத் தானாகத் திருத்தாது என்பது அதன் இயல்பு. அவ்வளவு பெரிய வேறுபாடு வந்தால் தன்னைவிட மற்றவரே பொய் சொல்கிறார் என்று அது கருதிக்கொள்கிறது. அந்த மறுப்பு கணினியின் நிகழ்வுப் பதிவேட்டில் அப்படியே இருந்தது.

கிளாக்கர் ஐயா கைப்பேசியைப் பார்த்துத் திகதியையும் மணியையும் கையால் திருத்தினார். திருத்தும்போது வலயம் "நியூ டெல்லி" என்றிருப்பதைக் கண்டு, இதுதான் கோளாறுக்குக் காரணம் என்று நினைத்து, பட்டியலில் "ஸ்ரீ ஜயவர்தனபுர"வைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சொந்த நாட்டின் பெயர் தப்பாகவும் பக்கத்து நாட்டின் பெயர் சரியாகவும் இருக்கும் என்று எவர் எதிர்பார்ப்பார்?

இப்போது கணினியின் முகம் சரியான மணியைக் காட்டியது. ஆறு மணித்தியாலத்தைக் கூட்டி அந்த முகம் வர வேண்டியிருந்ததால் உள்ளே இருந்த எண்ணிக்கை அரை மணி பின்தங்கிவிட்டது. செவ்வாய், புதன், வியாழன் காலைகளில் தராசுகள் இந்தப் பின்தங்கிய எண்ணிக்கையையே வாங்கின. தராசுக்குத் தெரிந்த கூட்டல் ஐந்தரை. ஆகவே துண்டில் 4.11 அச்சாகியது. அதே பதிவு காரியாலயத்துக்கு வந்து ஆறு கூட்டப்பட்டபோது 4.41 ஆகிச் சரியானது.

வியாழக்கிழமை மதியம், தரவு முடிந்து கிடந்த டொங்கிளுக்கு, அதாவது கணினிக்கு இணையம் தரும் சிறு கருவிக்கு, மீண்டும் பணம் போட்டார்கள். நேரச் சேவை இணையச் சேவையகத்தை அணுகியது. இப்படி இணையத்தில் நேரம் கேட்டு வாங்கும் நெறிமுறையை 1980களில் டேவிட் மில்ஸ் உருவாக்கினார். கேள்வி புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், பதில் புறப்பட்ட நேரம், வந்து சேர்ந்த நேரம் என்ற நான்கையும் வைத்து, போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் எடுத்தன என்று கொண்டு, கடிகாரத்தின் பிழையை அது கணக்கிடுகிறது. மலையில் டொங்கிளின் இரு வழிகளும் ஒருபோதும் சமமாக இருப்பதில்லை. இருந்தாலும் அதனால் வரும் தவறு போய்வந்த நேரத்தின் பாதியைத் தாண்டாது. இங்கே முக்கியமானது வேறு விடயம்: சேவையகம் தருவது உலக நேரத்தை மட்டுமே. எந்த நாட்டுக்கு எத்தனை மணித்தியாலம் கூட்ட வேண்டும் என்பதை அது சொல்வதில்லை. ஆகவே எண்ணிக்கை செம்மையாகத் திருந்தியது, கூட்டல் தப்பாகவே நின்றது. பதிவேட்டில் அந்தத் திருத்தத்தின் அளவு 1,800 செக்கனுக்கு மிக அண்மையில் இருந்தது. அந்த எண்ணைக் கண்டபோதுதான் முழுக் கதையும் எனக்குப் பிடிபட்டது.

வெள்ளிக்கிழமை காலை தராசுகள் சரியான எண்ணிக்கையை வாங்கின. துண்டுகள் சரியாக அச்சாகின. காரியாலயக் கணினியின் மணி அரை மணி முந்தி நிற்பதை அன்று பிற்பகல் கண்ட கிளாக்கர் ஐயா அதைப் பின்னே திருப்பினார். சனிக்கிழமை காலை, வெள்ளிக்கிழமைப் பதிவுகளோடு மென்பொருள் ஆறு மணித்தியாலத்தைக் கூட்டியபோது, மாலை 4.30க்குப் பின் நிறுத்த அத்தனை பேரும் ஐந்து மணியைத் தாண்டியவர்கள் ஆனார்கள். அந்த வேளையில் கணினியின் முகம் சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. எக்ஸ்பி ஏழு நாள்களுக்கு ஒரு தடவையே இணைய நேரத்தைக் கேட்கும். ஆகையால் அடுத்த வியாழனும் அதற்கடுத்த வியாழனும் இதே திருத்தம், அதே வெள்ளி, அதே வெட்டு. கிளாக்கர் ஐயா நல்லெண்ணத்தோடு செய்த ஒவ்வொரு திருத்தமும் அடுத்த வாரத்துப் பிழைக்கு வித்தாகியது.

1970இல் நிறுத்த கொழுந்து

இதற்கிடையில் இரண்டாவது தராசில் தனியான ஒரு கோளாறும் வந்திருந்தது. ஜூன் 24ஆம் திகதி அதன் பற்றரி முற்றாக இறங்கியதால், மாலை நிறுவைகள் "1970 ஜனவரி 1, காலை 5.41", "5.43" என்று துண்டில் அச்சாகியிருந்தன. எண்ணிக்கை பூச்சியமானால் உலக நேரப்படி அது நள்ளிரவு. இலங்கைக் கூட்டலோடு அது அதிகாலை 5.30. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழும்பும் நேரத்தில் மாலைக் கொழுந்து நிறுக்கப்பட்டதாகத் துண்டு சொன்னதைக் கண்டு லயங்களில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மென்பொருள் அவற்றையும் தள்ளிவிட்டது.

ஆனால் இவற்றைத் திருத்துவது எளிதாக இருந்தது. தராசை எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று மடுவக் கொப்பியில் எழுதியிருந்தது: 4.20. அன்று அது பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கியதால், 5.41 என்றால் போட்டதிலிருந்து பதினொரு நிமிடம், ஆகவே 4.31. தொடக்கம் தப்பினாலும் இடைவெளி தப்பவில்லை. பளிங்கு தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. எங்கிருந்து எண்ணுவது என்று சொல்ல ஆள் இல்லாமற்போனதுதான் குறை.

திருத்தியவையும் எஞ்சியவையும்

நூறு ரூபா அளவிலான பற்றரி ஒன்றை மாற்றினேன். வலயத்தை மீண்டும் "நியூ டெல்லி" ஆக்கினேன்; எக்ஸ்பியை அகற்றும் வரை அதுவே நேர்மையான வழி. மூன்று வெள்ளிக்கிழமைகளின் பதிவுகளும் மறுபடி கணக்கிடப்பட்டு, நிலுவை அடுத்த சம்பளத்தோடு கொடுக்கப்பட்டது. ஐந்து மணிக்குப் பிந்திய பதிவுகளைத் தானாக வெட்டாமல் கணக்கப்பிள்ளையின் பார்வைக்கு அனுப்பும்படி மென்பொருளை எழுதியவர் மாற்றிக் கொடுத்தார். ஜூன் 20ஆம் திகதிப் பதிவுகள் சிலவற்றை மட்டும் தீர்க்க முடியவில்லை. அன்று ஒரு தராசைக் காலையிலும் மதியத் திருத்தத்துக்குப் பின்னும் இரண்டு தடவை இணைத்திருந்தார்கள். எந்தப் பதிவு எந்த எண்ணிக்கையில் எழுதப்பட்டது என்பதற்குத் தராசில் தடயம் இல்லை. அவற்றைத் தொழிலாளர் பக்கமே சேர்க்கும்படி எழுதிக் கொடுத்தேன், காரியாலயம் ஏற்றுக்கொண்டது.

புறப்படுமுன் மேலதிகமாக ஒன்றைச் செய்து பார்த்தேன். தராசின் திகதியைக் கையால் 2038 ஜனவரி 19, காலை 8.44 என்று வைத்துவிட்டுக் காத்திருந்தேன். 32 இருமங்களில், அதாவது 0 அல்லது 1 மட்டுமே கொள்ளும் 32 இடங்களில், எண்ணிக்கையை வைத்திருக்கும் கருவிகள் 2,147,483,647 செக்கனுக்கு மேல் எண்ண முடியாதவை. இலங்கை நேரப்படி அன்று காலை 8.44 தாண்டி ஏழாவது செக்கனோடு அவற்றின் இடம் நிரம்பிவிடும். ஏழு செக்கன் கழிந்ததும் தராசு 1901 டிசம்பர் 14, அதிகாலை 2.15 என்று காட்டியது. அருகில் நின்ற உதவித் துரை (தோட்டத்தின் உதவி முகாமையாளர்), அதற்குள் இந்தத் தராசு துருப்பிடித்துப் போய்விடும் என்று சிரித்தார். 2006இல் மாற்றியிருக்க வேண்டிய ஒரு வலயம் 2019இல் அவருடைய மேசைமேலேயே இருந்ததை நினைவூட்டினேன். அவர் தராசின் மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்.

கணினித் திரையின் ஓரத்தில் இப்போது ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறது. கிளாக்கர் ஐயாவே தமிழிலும் சிங்களத்திலும் தன் கையால் எழுதியது: "நியூ டெல்லியை மாற்ற வேண்டாம்."